பஸ் நிற்காத இடத்தில் எல்லாம் நின்றார்கள்!

பொருநைக் கரையோரம் ஒரு தம்பதியின் மூன்று நாள் பயணம்

அவர் 30 ஆண்டு பஸ் ஓட்டியவர். பாபநாசத்தில் வண்டியை எடுத்தால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகத் திருச்செந்தூரில் கொண்டுபோய் நிறுத்துவார். மறுபடி அதே வழியில் திரும்புவார். வழி நெடுகத் தாமிரபரணி ஆறு கூடவே வரும். இடப்பக்கம் கொஞ்ச நேரம், வலப்பக்கம் கொஞ்ச நேரம்.

ஆனால் அந்த ஆற்றில் அவர் கால் நனைத்தது குறைவு.

அவருடைய மனைவிக்குப் பிறந்த ஊர் ஏரல். தாய் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கணவர் ஓட்டும் பஸ்சிலேயே, டிக்கெட் எடுத்துக்கொண்டு, முன் சீட்டில் உட்காருவாள். “ஆறு அழகா இருக்கே, ஒரு நிமிஷம் நிப்பாட்டுங்களேன்” என்பாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். “பின்னால வண்டி வருது” என்பார். அதோடு சரி!

2022-ம் ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். வீடு விக்கிரமசிங்கபுரத்தில். இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்தாகி விட்டது. இனி நிறுத்துவதற்கு என்ன தடை? தடை ஒன்று இருந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

2025-ம் ஆண்டு பங்குனி மாதம் ஒரு விடியற்காலை, பழைய ஸ்கூட்டரில் இருவரும் புறப்பட்டார்கள். முன்னால் ஒரு பை. அதில் மாற்றுத்துணி. பின்னால் அம்மாள் மடியில் வாழை இலைப் பொட்டலம். அதில் நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவிய பன்னிரண்டு இட்லி. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் அந்த அம்மாள், கண்டக்டர் மாதிரி “ரைட்டு!” என்றாள்.

ஒரே பகலில் முடிகிற வழி அது. இவர்கள் எடுத்துக்கொண்டது மூன்று நாள்.

மீனுக்குப் பொரி

போக வேண்டியது கிழக்கே. ஆனால் முதலில் மேற்கே திரும்பினார்கள். ஆற்றைப் பார்க்கக் கிளம்பியவர்கள் அது மலையை விட்டு இறங்குகிற இடத்தைப் பார்க்காமல் போகலாமா?

தாமிரபரணி பொதிகை மலையில் பிறக்கிறது. அந்த மலை 6 ஆயிரம் அடிக்கு மேல் உயரம். ஆற்றின் நீளம் ஏறக்குறைய 125 கிலோமீட்டர்தான். காவிரி, வைகையோடு ஒப்பிட்டால் சின்ன ஆறு. ஆனால் அதற்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டு மலையில் பிறந்து, தமிழ்நாட்டு மண்ணிலேயே ஓடி, தமிழ்நாட்டுக் கடலில் கலக்கிறது. தண்ணீருக்காக வேறு எந்த மாநிலத்தையும் கேட்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் வரும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையும் பொதிகையில் பெய்கின்றன. அதனால்தான் இதை வற்றாத ஜீவநதி என்கிறார்கள்.

மலைக்குள் பாபநாசம் அணை இருக்கிறது. அதன் உயரம் 143 அடி. திருநெல்வேலிச் சீமையில் அடைமழைக் காலத்தில் இந்த எண்ணைத் தெரியாத ஆள் கிடையாது. “அணை எத்தனை அடி?” என்று டீக்கடையில் கேட்டால், சின்னப் பையன்கூடச் சொல்லுவான்.

பாபநாசம் கோவில் படித்துறையில் மீன்கள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. யாரும் பிடிப்பதில்லை. அம்மாள் பத்து ரூபாய்க்குப் பொரி வாங்கிப் போட்டாள். தண்ணீர் கொதிப்பது போல மீன்கள் மேலே வந்து விழுந்தன. அவள் சிறு பிள்ளை மாதிரிச் சிரித்தாள்.

சிரிப்பு வெகு நேரம் நீடிக்கவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் பாறை இடுக்கில் ஒரு புடவை சுற்றிக் கிடந்தது. அதன் மேல் ஒரு வேட்டி. அதற்கும் அப்பால் இன்னும் துணிகள். பரிகாரம் என்ற பேரில், உடுத்தி வந்த துணியை ஆற்றோடு விட்டுப் போகிறார்கள். பாவம் தீரும் என்பது நம்பிக்கை. தீருகிறதோ இல்லையோ, அந்தப் பாவத்தை எல்லாம் மீன்தான் சுமக்கிறது! துணியில் சிக்கிச் சாகிறது. தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளி வெளியே போடுகிறார்கள். மறுபடியும் துணி சேருகிறது. இத்தனைக்கும் கீழே இருக்கிற ஊர்கள் எல்லாம் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டினார். கைக்கு எட்டிய புடவையை இழுத்துக் கரையில் போட்டார். அரை மணி நேரத்தில் ஏழு துணி. பிறகு ஒரு மருத மரத்தடியில் உட்கார்ந்து இட்லியைப் பிரித்தார்கள். எதிரே பாறை மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மரத்தின் வேர் தண்ணீருக்குள் போய் மறைந்திருந்தது. ஆறு இட்லி சாப்பிடுகிறவர் அன்று எட்டு சாப்பிட்டார்.

அப்பள ஊரும் நெல் ஊரும்

அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே ஆறுதான் எல்லை. பாலத்தின் இந்தப் பக்கம் நெல். அந்தப் பக்கம் அப்பளம்.

அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ‘அம்பை 16’ என்ற நெல் அங்கே பிறந்ததுதான். பாலத்தில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திப் பார்த்தார்கள். பிசான அறுவடை நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் கார் என்றும் பிசானம் என்றும் இரண்டு சாகுபடி. ஆனி, ஆடியில் தொடங்குவது கார். ஐப்பசி, கார்த்திகையில் நட்டு மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். அறுத்த வயலில் வெள்ளைக் கொக்குகள் இறங்கியிருந்தன. புது வைக்கோல் வாசனை பாலத்துக்கு வந்தது.

“இந்த வாசனை பஸ்சுக்குள்ள வந்ததே இல்லையே!” என்றார் டிரைவர்.

“வந்துச்சு. உங்களுக்குத்தான் டீசல் வாசனையில தெரியல” என்றாள் அம்மாள்.

கல்லிடைக்குறிச்சித் தெருக்களில் வீட்டுக்கு வீடு அப்பளம் இடுகிறார்கள். உளுந்த மாவில் உப்பு, பெருங்காயம், அப்பளக்காரம் சேர்த்து, எண்ணெய் தொட்டு இடித்து இடித்துப் பதம் பண்ண வேண்டும். மாவு இழுத்தால் நூல் போல வர வேண்டும். பிறகு உருட்டி, மெல்லிசாகத் தேய்த்து, காய வைக்க வேண்டும். வெயில் அதிகமானால் ஓரம் வெடித்துவிடும். குறைந்தால் பொரியும்போது சிவந்துவிடும். “எங்க ஆத்துத் தண்ணிதான் ருசி” என்பது ஊர்க்காரர்கள் சொல்லும் ரகசியம். கீழே திருநெல்வேலியில் அல்வாக்காரரும் இதையேதான் சொல்கிறார்! ஆறு எத்தனை பேருக்குத்தான் சொந்தம்?

இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. இங்குள்ள குலசேகரமுடையார் கோவில் நடராஜர் சிலை 1982-ம் ஆண்டு திருடு போயிற்று. கடல் கடந்து ஆஸ்திரேலியாவில் ஒரு அருங்காட்சியகத்தில் போய் நின்றது. 2019-ம் ஆண்டுதான் திரும்பி வந்தது. 37 ஆண்டுக்குப் பிறகு வீடு திரும்பியவரைத் தம்பதிகள் நினைத்துக் கும்பிட்டுவிட்டு, இரண்டு கட்டு அப்பளம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

பாயில் பெயர்

வீரவநல்லூர், சேரன்மகாதேவி தாண்டினால் பத்தமடை. பாய்க்குப் பேர்போன ஊர். சுவாமி சிவானந்தர் 1887-ம் ஆண்டு பிறந்ததும் இந்த ஊரில்தான்.

ஆற்றங்கரைக் கோரைதான் பாய்க்கு மூலப்பொருள். பச்சைக் கோரையை அறுத்து, கீறி, காய வைக்கிறார்கள். பிறகு ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப் போடுகிறார்கள். ஊறி உப்பியதை மறுபடி காய வைத்து, பருத்தி நூலைப் பாவாகக் கட்டி, தரையோடு தரையாக உட்கார்ந்து நெய்கிறார்கள். நெய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முஸ்லிம் பெண்கள். நயமான பாய் என்றால் பட்டுத் துணி போல மடிக்கலாம். கலியாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து தருவார்கள். 2013-ம் ஆண்டு இந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த அம்மாளின் கலியாணத்துக்கு அவளுடைய தாயார் பத்தமடையில் சொல்லிவைத்துப் பாய் வாங்கினார். இருவர் பெயரும் அதில் இருந்தது. ஓரம் கிழிந்து போனாலும் அது இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

நெசவு செய்யும் வீட்டுத் திண்ணையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அம்மாள் பாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

“நமக்கா?” என்று கேட்டார் டிரைவர்.

“அம்மைக்கு. அவ பாயெல்லாம் வெள்ளத்தோட போச்சுல்லா?” என்றாள்.

டிரைவர் பேசவில்லை. பணத்தை எடுத்துக் கொடுத்தார். பாயைச் சுருட்டி ஸ்கூட்டரின் பக்கவாட்டில் கட்டினார். வழக்கமாக ஒரு முடிச்சுப் போடுகிற இடத்தில் மூன்று முடிச்சுப் போட்டார்.

அந்தத் தடை இதுதான்.

டிசம்பர் 17

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை! ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியது ஒரு நாளில் கொட்டியது. அணைகள் நிறைந்தன. தாமிரபரணி கரை உடைத்தது. ஏரல் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. ஏரல் பாலத்தை ஒட்டிய சாலையை வெள்ளம் அறுத்துக்கொண்டு போனது. மின்சாரம் இல்லை. டெலிபோன் இல்லை.

ஏரலில் அந்த அம்மாளின் தாயார், 80 வயதுக் கிழவி, மகன் குடும்பத்தோடு மொட்டை மாடியில் ஏறி உட்கார்ந்திருந்தார். இரண்டு இரவு. கடைசியாக டெலிபோனில் பேசியபோது, “நான் வாரேன் அத்தை, பயப்படாதீங்க” என்று மருமகன் சொன்னார். அதோடு லைன் அறுந்துவிட்டது.

மறுநாள் காலையில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவர், இரவு தனியாகத் திரும்பி வந்தார். “வழி இல்ல” என்று இரண்டே சொல்.

மனைவிக்கு ஆத்திரம். “முப்பது வருஷம் ஓட்டின ரோடு! ஒரு நாளைக்கு உங்களுக்கு வழி விடலையாக்கும்?” என்று கேட்டுவிட்டாள்.

கேட்டவள் மறந்துவிட்டாள். கேட்டவரால் மறக்க முடியவில்லை. வெள்ளம் வடிந்ததும் அவள் பஸ் ஏறித் தாயைப் போய்ப் பார்த்து வந்தாள். அவர் போகவில்லை. பொங்கலுக்குப் போகவில்லை. மைத்துனர் வீட்டுப் பால்காய்ப்புக்கும் போகவில்லை. “காய்ச்சல்” என்றார், “வேலை” என்றார். ஓராண்டுக்கு மேல் இப்படியே போயிற்று.

இந்தப் பயணத்துக்கு யோசனை சொன்னது அம்மாள்தான். “கடல் வரைக்கும் போவோம். நடுவுல நிக்கணும்னு தோணுத இடத்துல எல்லாம் நிப்போம்” என்றாள். நடுவில் ஏரல் வரும் என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

கொக்கிரகுளம் பாலத்தில்

முதல் நாள் மாலை திருநெல்வேலி. நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருட்டுக் கடையில் கூட்டம் நெரிந்தது. மாலையில் சில மணி நேரம்தான் வியாபாரம். கோதுமையை ஊற வைத்து, அரைத்து, பால் எடுத்து, அதைப் புளிக்க விட்டு, சர்க்கரைப் பாகில் ஊற்றி, நெய் விட்டுக் கிளற வேண்டும். கை ஓய்ந்தாலும் கிளறுவதை நிறுத்தக் கூடாது. நெய் பிரிந்து வரும்போதுதான் இறக்க வேண்டும். சுடச்சுட வாங்கி நின்றபடியே தின்றார்கள். விரலை வைத்ததும் வழுக்கியது. தொண்டையில் தானாக இறங்கியது. அல்வாவைத் தின்றபின் கொஞ்சம் காரம் தின்னாவிட்டால் நெல்லைக்காரருக்குத் தூக்கம் வராது. ஒரு கை மிக்சரும் ஆயிற்று.

இரவு தங்கல் உறவினர் வீட்டில். அங்கே சொதி! நெல்லையில் கலியாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து அது. தேங்காயை மூன்று பால் எடுப்பார்கள். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்கறியை வேக வைப்பார்கள். வெந்த பாசிப்பருப்பைச் சேர்ப்பார்கள். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் விட்டு, கொதிக்க விடாமல் இறக்குவார்கள். பிறகு எலுமிச்சம்பழச் சாறு. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். இஞ்சி இல்லாமல் சொதி சாப்பிட்டால் வயிறு மந்தமாகிவிடும். நம் பாட்டிமார் கணக்கு எப்போதும் தப்பாது.

மறுநாள் காலையில் கொக்கிரகுளம் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினார் டிரைவர். யாரும் சொல்லாமல் அவராகவே நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஒரு காலத்தில் பாலம் கிடையாது. வெள்ளம் வந்தால் இந்தக் கரை வேறு, அந்தக் கரை வேறு. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் இது. 1843-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அவர் மனைவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். பாலத்துக்கு இருப்பது முதலியார் பெயர். அந்த அம்மாளின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கலாம்.

பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் வண்ணார்பேட்டைப் பக்கம் கையைக் காட்டினார்.

“அங்கதான் நின்னேன்.”

“எப்ப?”

“அன்னைக்கு. ரோடு எது, ஆறு எதுன்னு தெரியல. போலீஸ்காரங்க கயிறு கட்டி மறிச்சுட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச குறுக்கு வழியில ரெண்டு தடவை இறங்கிப் பாத்தேன். இடுப்பு வரைக்கும் வந்துட்டு. ரெண்டாம் தடவை ஒரு பையன் என்னைப் பிடிச்சு இழுத்துக் கரையில விட்டான். சாயந்தரம் வரைக்கும் அங்கேயே நின்னேன்.”

அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஆற்றைப் பார்த்தார்.

“ஏன் சொல்லல?”

“நீ கேட்டது ஏன் போகலன்னு இல்லையே. வழி விடலையான்னுதான கேட்ட? விடல.”

பாலத்தில் பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெகு நேரம் கழித்து அவள், “கெளம்புவோம். வெயில் ஏறுது” என்றாள். ஸ்கூட்டரில் ஏறியதும், வழக்கமாகக் கம்பியைப் பிடிக்கிற கை, அவர் தோளைப் பிடித்தது.

மூவாயிரம் ஆண்டு நெல்

பாளையங்கோட்டை தாண்டி, செய்துங்கநல்லூர் தாண்டியதும் வயலுக்கு நடுவே பனைமரங்கள். சாலையோரம் ஒருவர் பதநீர் விற்றார். பனை ஓலையைப் பட்டையாக மடித்து ஊற்றிக் கொடுத்தார். அம்மாள் ஒரு பட்டை. டிரைவர் இரண்டு.

ஆதிச்சநல்லூரில் மண்மேட்டைப் பார்த்தார்கள். 1876-ம் ஆண்டு ஜாகோர் என்ற ஜெர்மானியர் முதலில் இங்கே தோண்டினார். பிறகு அலெக்சாந்தர் ரீ என்ற ஆங்கிலேயர் தோண்டினார். இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். 114 ஏக்கர் பரப்பு. தோண்டிய குழிகளைக் கண்ணாடியால் மூடி, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள்.

ஆற்றுக்கு வடகரையில் சிவகளை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு தாழிக்குள் நெல் கிடைத்தது. அதை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். கி.மு. 1155 என்று காலம் வந்தது. 2021-ம் ஆண்டு இந்தச் செய்தி சட்டசபையிலேயே அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 3,200 ஆண்டுக்கு முந்திய நெல்! போகிறவருக்குப் பசிக்கும் என்று, யாரோ ஒரு மனைவியோ மகளோ கை நிறைய அள்ளி வைத்தது.

டிரைவருக்கு அன்று பார்க்க வேண்டிய இடங்கள் கூடிக்கொண்டே போயின. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைப் பார்க்க வேண்டும் என்றார். ஆற்றில் இருக்கும் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அதுதான். 1870-களில் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டி முடித்தது. பிறகு ரெயில்வே ஸ்டேஷனில் நின்றார். வெள்ளத்தன்று செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு இங்கேதான் மாட்டிக்கொண்டது. தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை. வெளியே வர வழியும் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். தங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நிற்கிற நேரத்தில்!

பிறகு ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் இருந்ததாகச் சொல்லும் பழைய புளியமரத்தைப் பார்த்தார்கள். பிறகு தென்திருப்பேரையில் காபி. அம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிரியம் வந்து நிற்கிறவர் வேறு. போக மனமில்லாமல் நிற்கிறவர் வேறு.

காபி டம்ளரைக் கீழே வைத்ததும், “பின்னால வண்டி வருது. எடுங்க!” என்றாள்.

சுவரில் ஒரு கோடு

ஏரல் வீட்டு முன் அறையில் வெள்ளம் நின்ற அடையாளம் கோடாகத் தெரிந்தது. ஓர் ஆள் உயரம். அதற்குக் கீழே புதுச் சுண்ணாம்பு. கோட்டை மட்டும் அடிக்காமல் விட்டிருந்தார்கள். “பேரப் பிள்ளைகள் பாக்கட்டும்னு சொல்லிட்டேன்” என்றார் பாட்டி.

டிரைவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டார். பாய்க்கட்டை நீட்டினார். “அத்தை… அன்னைக்கு நான் வாரேன்னு சொல்லிட்டு…” என்று இழுத்தார்.

பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனாலும் இது கேட்டது.

“நல்ல வேளை, நீங்க வரல மருமகனே! வந்திருந்தா உங்களையும்லா சேத்துத் தேடியிருக்கணும்? காலைக் கழுவிட்டு உள்ள வாங்க. சோறு ஆறுது.”

அவ்வளவுதான். ஓராண்டுக்கு மேல் சுமந்ததை அந்தக் கிழவி ஒரு நொடியில் இறக்கி வைத்துவிட்டார்.

அன்று உளுந்தஞ்சோறு. தோல் நீக்காத உடைத்த உளுந்தை வாசம் வர வறுத்து, அரிசியோடு வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பூ சேர்த்துப் பொங்கியது. அதற்கு எள்ளுத் துவையல். ஓர் அவியல். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைப் பொரித்தார்கள். டிரைவர் மூன்றாவது முறை சோறு கேட்டபோது பாட்டி, “பஸ் ஓட்டுத காலத்துல நின்னுகிட்டே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுட்டு ஓடுவீங்க. இப்பத்தான் உக்காந்து சாப்பிடுதீங்க” என்றார்.

இரவு பத்தமடைப் பாயை விரித்துப் பாட்டியைப் படுக்கச் சொன்னார்கள். அவர் அதில் படுக்கவில்லை. “புதுப்பாய்லா? ரெண்டு நாள் பாத்துட்டுப் படுக்கேன்” என்று சுருட்டி, சுவரில் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்த பரணில் வைத்தார்.

கடல்

மூன்றாம் நாள் காலை ஆத்தூர். இங்கே விளையும் வெற்றிலைக்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலில் அகத்தி நிழலில் கொடிகள் ஏறியிருந்தன. உள்ளே போனால் வெயில் காலமே தெரியவில்லை. பாட்டிக்கு ஒரு கவுளி வெற்றிலை வாங்கினார்கள்.

அங்கிருந்து புன்னைக்காயல். சாலை முடிகிற இடத்தில் மீனவர் ஊர். படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடத்தில் மடவை மீன் துள்ளியது. பொதிகையில் பளிங்கு போல இறங்கிய ஆறு இங்கே அகலமாக, மெதுவாக, கலங்கிய நிறத்தில் போகிறது. எது ஆறு, எது கடல் என்று கோடு போட்டுக் காட்ட முடியவில்லை. நாரைகள் சேற்றில் ஒற்றைக் காலில் நின்றன.

பாட்டி மீன் வாங்கி வரச் சொல்லியிருந்தார். மத்தியானக் குழம்புக்கு. அம்மாள் பேரம் பேசி ஒரு பை மடவை வாங்கினாள். டிரைவர் கரையில் கிடந்த ஒரு பழைய கட்டுமரத்தில் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். இருவர் காலும் தண்ணீரில் இருந்தன.

அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு முக்கால் மணி நேரம்.

“கெளம்புங்க. மீனு கெட்டுப் போயிரும். அம்மை உலை வச்சிட்டு உக்காந்திருப்பா” என்றாள் அவள்.

டிரைவர் தலையைத் திருப்பிச் சாலையைப் பார்த்தார். சாலை காலியாகக் கிடந்தது.

“இரு ளா. பின்னால ஒரு வண்டியும் வரல” என்றார்.